செல்லசாமிக்காக ஒதுக்கிய மூலை

கொட்டகலை,
மேல்பிரிவு, ஐந்தாம் லயம்.
6.9.1959

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க அக்கா மீனம்மா அவர்களின் திருமுன் தங்கை வேலாயி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் நலமாக இருக்கிறோம் என்று இந்த வாரம்தான் பொய் இல்லாமல் எழுத முடிகிறது. அங்கே வலப்பனையில் தாங்களும், சோலைமலை அத்தான் அவர்களும், அத்தானின் தாயாரும் சுகமாக இருக்க மாரியம்மன் அருள் புரிவாளாக. மூத்தவர்களுக்கு எழுதும் கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஞானரட்ணம் டீச்சர் சொல்லித் தந்திருக்கிறார். தொடங்கியாயிற்று. இதற்கு மேலும் உன்னைத் ‘தாங்கள்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

கல்யாணமாகிப் போன நாள் முதல் நீ மாதம் தவறாமல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தாய். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறவள் நான். வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை, சோறு தின்றதும் ஒரு தடவை, படுக்கப் போகும்போது இன்னொரு தடவை. தொண்டை வற்றுவது எனக்கு, ‘எம் புள்ள எவ்வளவு அழகா எழுதியிருக்கு’ என்று பேர் வாங்குவது உனக்கு. ‘சௌக்கியம்’ என்ற சொல்லை நீ ஒரு தடவையாவது சரியாக எழுதியிருக்கிறாயா? நான்தான் வாசிக்கும்போது திருத்தி உன் மானத்தைக் காப்பாற்றினேன். முற்றுப்புள்ளிகூட வைக்கத் தெரியாத கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கும் அம்மா, நான் கட்டுரைப் போட்டியில் வாங்கிய புத்தகத்தைப் பானை மூடக் கேட்டாள். அது இருக்கட்டும். மாசி மாதத்தோடு உன் கடிதங்கள் நின்றுவிட்டன. இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் மேலே படி.

சித்திரை வாக்கில் அம்மாவுக்கு உடம்பில் ஏதோ மாற்றம் தெரிந்தது. மலை ஏறினால் மூச்சு வாங்கியது. எல்லோருக்கும் முன்னால் தேயிலை நிரையை முடிக்கிறவள் கடைசியாக வந்தாள். முகம் வெளுத்தது, வயிறு மட்டும் பெருத்தது. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கு முன்பு ஒன்றரைச் சுற்று வரும். இப்போது ஒரு சுற்றுக்கே எட்டவில்லை. அதோடு அடுப்பிலிருந்து மண்ணைப் பெயர்த்து யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுக்கொள்வாள். எனக்குத் தெரியும், ஏனென்றால் அடுப்புக்கு ஒரு காது குறைந்திருந்தது. பக்கத்துக் காம்பரா அந்தோனியம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, “வீரம்மாவுக்கு இது மசக்கைதான், சந்தேகமே இல்ல. இத்தன வருசம் கழிச்சு ஆண்டவர் கண்ணத் தொறந்திருக்காரு” என்று அறிவித்தாள். அப்பாவைக் கேட்க வேண்டுமா? அவர் அன்றைக்கு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகும்போதே பாட்டுப் பாடிக்கொண்டு போனார். நான் பிறந்தபோது பாடினாரா என்று அம்மாவிடம் கேட்டேன். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்ததாம்.

தோட்டத்து மருத்துவச்சி அம்மா, தன் மகளின் பேறுகாலத்துக்கென்று போனவர் திரும்பி வராததால், டிஸ்பென்சர் மத்தியாஸ் ஐயாவே வந்து பார்த்தார். பார்த்தார் என்றால் அம்மாவை அல்ல, எங்கள் காம்பராக் கதவைப் பார்த்தார். ஆம்பிளை முன்னால் வரமாட்டேன் என்று அம்மா உள்ளே அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். மத்தியாஸ் ஐயா வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அப்பா நடுவில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கேட்பதை இவர் உள்ளே சொல்ல வேண்டும், உள்ளே சொல்வதை வெளியே சொல்ல வேண்டும். நான் அப்போது பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தோனியம்மா இருந்ததால், நடந்ததெல்லாம் லயத்து வீடுகள் அத்தனைக்கும் மனப்பாடம்.

“மாசாமாசம் ஒழுங்கா வருதானு கேளு நல்லமுத்து” என்றாராம் ஐயா. அப்பா வெட்கத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு, “ஏ வீரம்மா, மாசாமாசம் ஒழுங்கா வருதானு ஐயா கேக்குறாரு” என்றாராம்.

அம்மா பெருமூச்சு விட்டு, “எங்க வருது? மூணு மாசமா நின்னு போச்சு. முந்தியெல்லாம் தேதி தவறாது” என்றாளாம்.

முன்பு வந்தபோது அதிகமாக வருமா, குறைவாக வருமா என்று ஐயா விசாரித்திருக்கிறார். “கல்யாணமான புதுசுல நெறைய வரும். அப்புறம் கொறஞ்சு போச்சு” என்று பதில் போயிருக்கிறது. மத்தியாஸ் ஐயாவுக்குத் திருப்தி. நாலாம் மாதம் என்று சொல்லி, ஒரு போத்தல் மருந்துத் தண்ணீரும் கொடுத்து, ஏற்றமில்லாத மலையில் லேசான வேலை கொடுக்கும்படி கங்காணிக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தபோது எனக்கு ஒரு தம்பி இருந்தான். பெயரும் வைத்தாயிற்று. அப்பாவைப் பெற்றவருடைய பெயர், செல்லசாமி. பெண்ணாக இருந்தால் என்ன பெயர் என்று கேட்டேன். “பொண்ணா எதுக்கு இருக்குது?” என்று அப்பா என்னையே கேட்டார்.

அக்கா, நீ என்னைப் பொறாமைக்காரி என்று சின்ன வயதிலிருந்து சொல்வாய். உன் சிவப்பு ரிப்பனுக்காக நான் அழுததை இன்னும் சொல்லிக் காட்டுவாய். ஆனால் நீயே நியாயம் சொல். ரிப்பன் கட்டியிருந்த தலையாவது கண்ணுக்குத் தெரிந்தது. இவன் தலை, கால் எதுவுமே தெரியாமல் வீட்டையே பிடித்துக்கொண்டான். அடுப்புச் சுவரை ஒட்டிய மூலை உனக்குத் தெரியுமே, ராத்திரிப் பனியிலும் கதகதப்பாக இருக்கும், அங்கேதான் போத்தல் விளக்கை வைத்துக்கொண்டு நான் படிப்பேன். அது செல்லசாமியின் தொட்டிலுக்கென்று ஒதுக்கப்பட்டது. என் புத்தகங்கள் வெங்காயச் சாக்குக்கு மேலே போயின. புதுக் கம்பளி செல்லசாமிக்கு. அது வந்த அன்றே மடித்துப் பெட்டியில் வைக்கப்பட்டது, நான் பழைய கம்பளியின் ஓட்டை வழியாகக் கால் நீட்டித் தூங்கினேன். முட்டை அம்மாவுக்கு, அதாவது செல்லசாமிக்கு. ஹட்டனிலிருந்து ஒரு பால் டின் வாங்கிவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார் அப்பா. விளக்கேற்றும் போதெல்லாம் முருகனைக் கும்பிடுகிறேனா, பால் டின்னைக் கும்பிடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தையில் நான் ஹட்டன் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், இடம் கிடைத்துவிட்டது, ஞானரட்ணம் டீச்சரே வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையைத் தலையை ஆட்டினார். டீச்சர் மேட்டைத் தாண்டியதும், “செல்லசாமிய யாரு பாத்துக்கறது? பிள்ளைக் காம்பராவுல விட்டா ஆயா அழ விட்டுருவா. வேலாயி படிச்ச வரைக்கும் போதும்” என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குனிந்து அடுப்பை ஊதத் தொடங்கினாள். அன்று ராத்திரி அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு தூங்கினாள். அந்தக் கை எப்போதும் என் தலையில் இருக்கும் கை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் போனதைவிட அந்தக் கை போனதுதான் அதிகமாக வலித்தது. செல்லசாமி பிறக்கவே கூடாது என்று நினைத்தேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன், இதை அத்தானுக்கு வாசித்துக் காட்டாதே.

அப்புறம்தான் நான் துப்பறியத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், ‘அவன் இல்லை’ என்று நிரூபிக்க ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். முதலில் எங்கள் சுகாதாரப் பாடப் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் மனித உடலின் படம் வயிறு வரைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, முழங்காலில் மறுபடியும் தொடங்குகிறது. நடுவில் இருப்பதைப் பற்றி அரசாங்கத்துக்கே தெரியாது போலிருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் போன வருஷம் நான் பெரிய மனுஷி ஆனபோது அந்தோனியம்மா காதில் சொன்னதுதான்: மாதாமாதம் வரும், பிள்ளை உண்டானால் நின்றுவிடும்.

ஒரு நாள் விறகு எடுக்க லயத்துக்குப் பின்னால் போனேன். விறகுக்கும் சுவருக்கும் இடையில், ஒரு சாக்குக்குக் கீழே அம்மாவின் பழந்துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. துவைத்திருந்தாலும் கறை போகவில்லை. அடுத்த வாரம் பார்த்தேன், அப்போதும் இருந்தன. அதற்கடுத்த வாரமும் இருந்தன. உன் பழைய பாவாடையைக்கூட அம்மா கிழித்திருந்தாள். விடியுமுன் எல்லோருக்கும் முதலில் அவள் பீலிக்குப் போவது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நிற்க வேண்டியது நிற்கவே இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கணக்குப் பரீட்சையில் விடை சரியாக வந்ததுபோல் இருந்தது. ஓடிப்போய் அந்தோனியம்மாவிடம் சொன்னேன். “பொறாம புடிச்ச கழுத, பொறக்கப் போறவன இப்பவே இல்லன்னு சொல்லுதே” என்று ஜெபமாலையால் என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பாவிடம் சொன்னேன். துணி என்று தொடங்கியதுமே காதைப் பொத்திக்கொண்டு, பொம்பளைப் பேச்சை ஆம்பிளையிடம் பேசாதே என்றார். கடைசியில் அம்மாவிடமே கேட்டேன். அம்மா கதவைப் பார்த்துவிட்டு, மெதுவான குரலில், “சில பேருக்கு அப்படியும் படும்னு சொல்லுவாங்க. ஒங்கப்பா எத்தன வருசம் கழிச்சுப் பாடுறாரு, கேட்டியா? நீ வாய மூடிக்கிட்டு இரு” என்றாள். சந்தோஷம் அதோடு போய்விட்டது. அவள் உதடு அவ்வளவு வெளுப்பாக இருந்ததை அவ்வளவு கிட்டத்தில் அதுவரை நான் பார்க்கவில்லை.

உனக்கு எழுதலாம் என்று நினைத்தேன். நீதான் எழுதுவதை நிறுத்திவிட்டாயே, உனக்கு நான் ஏன் எழுத வேண்டும் என்று ரோஷம். உங்கள் பக்கம் லொறி கொண்டுபோன வீரய்யா அண்ணனிடம் அம்மா முழுகாமல் இருக்கிற செய்தியை அப்பா சொல்லி அனுப்பினார். நீ வாசலில் நின்று கேட்டுவிட்டு, ‘சரி’ என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாயாம். இதுதான் பெற்ற தாய்க்கு மகள் செய்வதா என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை நான் மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். தூரத்திலேயே கூட்டம் தெரிந்தது. அம்மா தேயிலைச் செடிக்கு மேல் சாய்ந்து விழுந்து கிடந்தாள், கூடைக் கயிறு இன்னும் தலையில் மாட்டியபடியே இருந்தது. நாலு பேர் படங்குச் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு மருந்துக்காம்பராவுக்கு ஓடினார்கள். அப்பாவும் வந்துவிட்டார், கங்காணியும் வந்துவிட்டார். மத்தியாஸ் ஐயா நெடி மருந்தை முகரக் காட்டி அம்மாவை விழிக்க வைத்து, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மயக்கம் வருவது வழக்கந்தான், சத்து மருந்து தருகிறேன், பயப்படாதே என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா, எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. ஆம்பிளைகள் நிறைந்திருந்த அந்த அறையில் வாயைத் திறந்துவிட்டேன். “அது பிள்ள இல்லீங்க ஐயா. எங்கம்மாவுக்கு ரத்தம் போய்க்கிட்டேதான் இருக்கு. வாரக்கணக்கா போகுது, நிக்கவே இல்ல” என்றேன்.

கங்காணி திரும்பிச் சுவரைப் பார்த்தார். அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். மத்தியாஸ் ஐயாவுக்கு முகம் கறுத்தது. “என்ன வீரம்மா இது? மூணு மாசமா நின்னு போச்சுன்னு நீதானே சொன்ன?” என்று கேட்டார். முதல் தடவையாக அம்மாவிடம் நேரே கேட்டார்.

அம்மாவுக்குப் பேசத் தெம்பில்லை. இருந்தாலும் நிதானமாகச் சொன்னாள். “அது மீனம்மா கடுதாசிங்க ஐயா.”

அப்பா ஓங்கிய கை அப்படியே நின்றது. ‘மாசாமாசம் வருதா’ என்று கேட்டால் அம்மாவின் நினைவுக்கு வருவது உன் கடிதம் ஒன்றுதான், பார்த்தாயா? அந்த நேரத்திலும், அம்மா அப்படிக் கிடக்கும்போதும், எனக்கு உன் மேல் எரிச்சலாக வந்தது.

மத்தியாஸ் ஐயா அதற்குப் பிறகு ஒரு நொடி வீணாக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, என் எழுதாத கொப்பிக் கடதாசி மாதிரி இருந்தது. உடனே துரை பங்களாவுக்கு ஆள் ஓட்டி, லொறி பிடித்து, சாக்குகளை விரித்து அம்மாவைப் படுக்க வைத்துக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். வழி முழுக்க அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. உனக்குத் தந்தி அடிக்கலாம் என்றேன். தந்தி என்றால் சாவுச் செய்தி என்று நீ பயந்துவிடுவாயாம், வேண்டாம் என்று அந்த நிலையிலும் அம்மா தடுத்தாள். பார், மறுபடியும் நீ.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்டவர். எடுத்தவுடன், “துடக்கு எப்பிடி?” என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் தீட்டுக்கு அதுதான் பெயராம். அம்மா என்னைக் காட்டி, “துடுக்கெல்லாம் இந்தச் சின்னதுக்குத்தாங்க, பெரியவ ரொம்ப அமைதி” என்றாள். இந்தத் தடவை அப்பாவை நடுவில் நிற்க விடாமல் நான் நின்றேன். கேட்டதைக் கேட்டபடியும், சொன்னதைச் சொன்னபடியும், சொல்லுக்குச் சொல் சொன்னேன். டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு, “நல்லா வாசிக்கிற பிள்ளை போல” என்றார். இதை அப்பா கேட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைத் திரைக்கு வெளியே அனுப்பிவிட்டு, வயிற்றை அழுத்திப் பார்த்து, மரக்குழலை வைத்துக் கேட்டு, ஒரு கை வெளியேயும் ஒரு கை உள்ளேயுமாகப் பிடித்துப் பார்த்தார். பிள்ளையின் இதயம் துடிக்கவில்லை, ஏனென்றால் பிள்ளையே இல்லை. பெண்களுக்குக் கருப்பை என்று ஒன்று இருக்கிறது, பிள்ளை இல்லாதபோது அது ஒரு சிறிய பேரிக்காய் அளவுதான் இருக்கும், அதன் சதைச் சுவரில் முடிச்சு முடிச்சாகக் கட்டி வளர்ந்திருக்கிறது என்று எனக்கு ஒரு கடதாசியில் படம் போட்டுக் காட்டினார். எங்கள் பாடப் புத்தகத்தில் விட்டுப்போன பக்கம் அதுதான். நாற்பது வயதுப் பெண்களில் எத்தனையோ பேருக்கு இந்தக் கட்டி இருக்குமாம், பல பேருக்குத் தெரியாமலே இருந்துவிடுமாம். அநேகமாகக் கெட்ட கட்டி அல்ல, ஆனால் இரத்தத்தை இப்படிப் போகவிட்டால் அதுவே ஆளைக் கொன்றுவிடும் என்றார். மண் தின்னும் ஆசை மசக்கையால் வந்தது இல்லையாம், இரத்தம் வற்றியதால் வந்ததாம். சந்தேகம் இருந்தால் சிறுநீரை ஒரு தவளைக்கு ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு என்று நர்ஸ் சொன்னார். அந்தத் தவளையைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை. இங்கே தேவைப்படாது என்றுவிட்டார்கள்.

முதலில் இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஒரு போத்தல் அப்பா கொடுத்தார், கொடுத்துவிட்டு மயங்கி விழுந்தார். தன் இரத்தம் ஏறினால் இனி வீரம்மாவுக்கும் தன்னைப்போல மூக்குப்பொடி போடும் ஆசை வந்துவிடுமா என்று விழித்ததும் கேட்டார். அம்மாவின் வார்டில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று. பக்கத்துக் கட்டிலில் கம்பளைச் சிங்கள அம்மாவுக்குச் சூலகத்தில் நீர்க்கட்டி. எதிர்க் கட்டிலில் ஒருவருக்குக் கருப்பை கீழே இறங்கிவிட்டது, பிள்ளை பெற்ற கையோடு சுமை தூக்கியதால் வந்ததாம், வளையம் ஒன்றை உள்ளே வைத்துத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் வியாதியைப் பல வருஷம் புடவைக்குள் ஒளித்து வைத்திருந்து, இங்கே வந்ததும் யாருடையது பெரிது என்று போட்டி போட்டார்கள். அம்மாவின் கட்டிதான் பெரியது என்று தெரிந்ததும் கம்பளை அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆகவே அக்கா, பொறாமை என் ஒருத்தியின் குணம் அல்ல.

இரத்தம் தேறியதும் டாக்டரம்மா அப்பாவைக் கூப்பிட்டார். இளம் வயதாக இருந்தால் கட்டியை மட்டும் எடுக்கப் பார்க்கலாம், இவருடைய வயதுக்கும் கட்டிகள் இருக்கும் விதத்துக்கும் கருப்பையோடு எடுப்பதுதான் நல்லது, அதற்குப் புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார். அப்பா பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, “அப்ப செல்லசாமி?” என்று கேட்டார்.

“ஆர் செல்லசாமி?” என்றார் டாக்டரம்மா. “வெளியில நிக்கிறாரோ? உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ.”

“அதுதாங்க டாக்டரம்மா அந்தக் கட்டி” என்றேன் நான்.

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு முதல் தடவையாக அவர் மேல் பாவமாக இருந்தது. அப்போது அம்மா கட்டிலில் இருந்தபடியே பேசினாள். உரக்கப் பேசவில்லை. “பொறக்காதவனுக்கு மூல, கம்பளி, பாலு எல்லாம் எடுத்து வச்சுட்டீங்க. பொறந்தது ரெண்டு இருக்கு. ஒண்ணு கடுதாசி போட மாட்டேங்குது. இன்னொண்ணு இங்க நிக்குது பாருங்க, அதுதான் என்னைய இங்க கொண்டு வந்துச்சு. அது பள்ளிக்கூடம் போகணும், நான் வீட்டுக்குப் போகணும். கையெழுத்தப் போடுங்க.”

அப்பா போட்டார்.

கட்டியை எடுத்த பிறகு ஒரு பேசினில் வைத்துக் காட்டினார்களாம். ஒரு நுவரெலியா முட்டைக்கோவா அளவு இருந்ததாம். அப்பா அதை உற்றுப் பார்த்துவிட்டு, “இதுக்கா நான் அத்தன முட்ட வாங்கிக் குடுத்தேன்?” என்று மட்டும் கேட்டாராம். துண்டு வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினார்கள், கெட்டது எதுவும் இல்லை என்று பதில் வந்துவிட்டது. இனி மாதாமாதம் எதுவும் வராது, அம்மா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரும்புச் சத்து மாத்திரை தின்கிறாள். அதில் மண் வாசனை இருக்கிறதாம், பிடித்திருக்கிறதாம். தையல் நன்றாக ஆறும் வரை கூடை தூக்கக் கூடாது. மத்தியாஸ் ஐயா இரண்டு நாளுக்கு ஒரு தடவை வந்து, கதவுக்கு உள்ளேயே வந்து, நேரே அம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகிறார். அந்தோனியம்மா தினமும் கஞ்சி கொண்டுவருகிறாள். நான் பொறாமையில் சொல்லவில்லை, மாதா என் வாயில் வந்து பேசினாள் என்று இப்போது லயத்தில் சொல்லித் திரிகிறாள்.

என் மூலை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அப்பாவே வெங்காயச் சாக்கிலிருந்து புத்தகங்களை எடுத்துத் தட்டி அடுக்கினார். தையில் ஹட்டன் பள்ளிக்கூடம் நிச்சயம். பால் டின்னை நேற்று உடைத்தார்கள். முதல் தேத்தண்ணி எனக்கு. புதுக் கம்பளியில் அம்மாவும் நானும் படுத்தோம். பழக்கத்தில் அவள் கை வயிற்றுக்குத்தான் போனது, அங்கே ஒன்றும் இல்லாததால் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு என் தலைக்கு வந்தது. அந்த நிமிஷமே செல்லசாமியை மன்னித்துவிட்டேன். உன்னையும்தான். இனி என் ஆயுளில் யார் மீதும் பொறாமைப்படுவதில்லை என்று முருகன் படத்துக்கு முன்னால், டின் இல்லாத படத்துக்கு முன்னால், சத்தியம் செய்திருக்கிறேன். சிவப்பு ரிப்பனையும் மறந்துவிட்டேன்.

அத்தானுக்கும் அவர் தாயாருக்கும் என் பணிவான வணக்கங்களைச் சொல். அம்மாவும் அப்பாவும் உன் நெற்றியில் திருநீறு பூசி வாழ்த்தியதாக எடுத்துக்கொள். கிழக்கு மலையில் கொழுந்து துளிர்ப்பதுபோல் உன் குடும்பம் தழைக்க வேண்டும். ஒரு வரியாவது எழுது.

இப்படிக்கு,
பொறாமை அற்ற தங்கை,
ந. வேலாயி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அத்தானின் தபாலட்டை வந்து சேர்ந்தது. நான்தான் வாசித்தேன். நீ ஏழு மாதமாம். தொடக்கத்தில் வாந்தியில் தலை தூக்க முடியவில்லையாம், நிலைக்கும் வரை யாருக்கும் சொல்லக் கூடாதென்று மாமியார் தடுத்தாராம். அப்புறம் சொல்லலாம் என்றிருந்தபோது அம்மாவும் முழுகாமல் இருப்பதாக வீரய்யா அண்ணன் வந்து சொல்ல, தாய்க்கும் மகளுக்கும் ஒரே வருஷத்தில் வளைகாப்பா என்று வெட்கப்பட்டு எழுதாமலே இருந்துவிட்டாயாம். ஆக உனக்கு இரண்டுமே மாசியில் நின்றிருக்கிறது. மத்தியாஸ் ஐயா கேட்ட கேள்விக்கு அம்மா சொன்ன பதில் சரிதான், ஆள்தான் மாறிவிட்டது. அம்மா சிரிக்கிறாள், தையல் வலிக்கிறது என்று தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு சிரிக்கிறாள். தபாலட்டையை இதுவரை மூன்று தடவை வாசித்தாயிற்று. பேறுகாலத்துக்கு நீ இங்கே வருகிறாயாம். அப்பா டின்னை மூடி முருகனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பாட்டும் தொடங்கிவிட்டது. பெயர் ஒன்று தயாராக இருக்கிறதே, வீணாக்குவானேன் என்கிறார்.

மேலே மன்னித்ததாகவும் சத்தியம் செய்ததாகவும் எழுதியவற்றை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கடிதத்தைத் திரும்ப எழுதக் கடதாசி இல்லை. வருமுன் அங்கே ஒரு டாக்டரம்மாவிடம் காட்டி, மரக்குழல் வைத்துக் கேட்கச் சொல். என்ன கேட்டாலும் வெட்கப்படாமல் அதற்கு மட்டும் பதில் சொல். நிஜமான பிள்ளை என்று தெரிந்தால் உடனே புறப்பட்டு வா, நீ வந்தால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். பெண்ணாக இருந்தால் மூலையில் பாதி தருகிறேன். செல்லசாமியாக இருந்தால், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் என் புத்தகங்களுக்குப் பலகை அடிக்க அப்பாவை இப்போதே ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆணி அடிக்கும் சத்தம் கேட்கிறது.